லைஃப் ராஃப்டை எங்கே வைப்பது? மும்பைப் பாய்மரப் படகுக்காரர்களின் கேள்விகளும் என் பதில்களும்

மழைக்காலம் முடிந்து, கரையேற்றிய படகுகளை மறுபடி தண்ணீரில் இறக்கும் நேரம். போன ஞாயிறு மாட்டுங்காவில் நம் ஆட்கள் காபிக்குக் கூடியபோது, லைஃப் ராஃப்டைப் பற்றி, அதாவது படகு மூழ்கினால் ஏறித் தப்பிக்கிற, ஊதிப் பெருகும் ரப்பர் மிதவையைப் பற்றி ஆரம்பித்த பேச்சு இது. அங்கே கேட்டவற்றோடு, பிறகு எழுதி அனுப்பிய கேள்விகளையும் சேர்த்திருக்கிறேன். என்னைத் தெரியாதவர்களுக்கு: தூத்துக்குடிக்காரன், தாத்தா தோணியில் தண்டல், அதாவது தோணித் தலைவர். நான் 26 வருடம் சரக்குக் கப்பலில் இருந்துவிட்டு, இப்போது நண்பர் ஒருவரோடு பாதிப் பங்கில் 36 அடி பாய்மரப் படகு வைத்திருக்கிறேன்.

செம்பூர் நண்பர்: செகண்ட் ஹேண்டில் 34 அடி படகு வாங்கியிருக்கிறேன் சார். டிசம்பரில் கோவா வரை போக ஆசை. ராஃப்ட் கேனிஸ்டரில் வாங்கவா, வேலிஸில் வாங்கவா? வாங்கிய பிறகு எங்கே வைப்பது?

கேள்வியைத் திருப்பிப் போடுங்கள். முதலில் இடம், அப்புறம் ராஃப்ட். பெரும்பாலானவர்கள் தள்ளுபடியில் கிடைத்ததை வாங்கி வந்துவிட்டு, அதோடு படகைச் சுற்றிச் சுற்றி வருகிறார்கள்.

வேலிஸ் என்பது துணிப்பை. விலையும் எடையும் கொஞ்சம் குறைவு. ஆனால் அதை வெயிலிலும் உப்புத் தண்ணீரிலும் டெக்கின் (படகின் மேல்தளம்) மேல் கட்டி வைக்கக் கூடாது. காக்பிட்டிலிருந்து (படகோட்டுகிறவர் உட்காரும் பள்ளம்) நேராகத் திறக்கிற, தண்ணீர் புகாத ஒரு லாக்கர் இருந்து, அதில் ராஃப்டைத் தவிர வேறு எதையும் வைக்கமாட்டேன் என்று உறுதியாகச் சொல்ல முடிந்தால் வேலிஸ் வாங்கலாம். அப்படி லாக்கர் இல்லையென்றால் கேனிஸ்டர்தான். ஃபைபர் கூடு, டெக்கின் மேல் தொட்டில் போட்டுப் பொருத்துவது.

விற்பவர் மைனஸ் 15 டிகிரியிலும் ஊதும் என்று ராஃப்டுக்கான உலகத் தரமான ஐஎஸ்ஓ 9650-இன் ஏ பிரிவு ராஃப்டைக் காட்டுவார். அரபிக் கடலில் எந்தக் குளிர்? 0 முதல் 65 டிகிரி வரை வேலை செய்கிற பி பிரிவே நமக்குப் போதும். மிச்சமாகிற பணத்தில் நல்ல தொட்டிலும் போல்ட்டும் வாங்குங்கள்.

முலுண்டிலிருந்து ஒரு சகோதரி: நானும் கணவரும் மட்டும்தான் படகில். ராஃப்ட் 38 கிலோ, என் எடை 48. அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் நான் தனியாக அதைத் தூக்க முடியுமா?

எல்லாரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது, கடைசியில்தான் கேட்கிறார்கள். கடல்தாண்டும் பாய்மரப் போட்டிகளுக்கான உலக விதி, ராஃப்டை 15 விநாடிக்குள் லைஃப்லைன் (டெக்கின் ஓரத்தில் சுற்றிவரும் தடுப்புக் கம்பி) வரை கொண்டுவர வேண்டும் அல்லது தண்ணீரில் இறக்க வேண்டும் என்கிறது. லாக்கரில் வைக்கும் வேலிஸ் 40 கிலோவைத் தாண்டக் கூடாது என்றும் சொல்கிறது. ஆனால் அந்த 40 கிலோவை நினைப்பது நல்ல உடம்புள்ள பந்தயக்காரர்களை வைத்து. நீங்கள் கணக்கில் எடுக்க வேண்டியது உங்கள் படகிலேயே பலம் குறைந்த ஆளை.

ஒரு சோதனை சொல்கிறேன், நாங்கள் செய்து பார்த்தது. 25 கிலோ பொன்னி அரிசி மூட்டையோடு இன்னும் 10 கிலோ சேர்த்து ஒரு பழைய பாய்ப்பையில் திணித்து, ராஃப்ட் இருக்கும் இடத்திலேயே வைத்தோம். இரவு, விளக்கை அணைத்துவிட்டு, கேட்வே ஆஃப் இந்தியாவுக்கு எதிரே நங்கூரத்தில் படகு ஆடிக்கொண்டிருக்கும்போது, என் படகுப் பங்காளியின் மனைவி கையில் ஸ்டாப்வாட்ச்சைக் கொடுத்து ஆரம்பிக்கச் சொன்னோம். அப்போது ராஃப்ட் காக்பிட் லாக்கரில் இருந்தது. மேலே இரண்டு ஃபெண்டர் (படகு உரசாமல் பக்கத்தில் தொங்கவிடும் மெத்தை), ஒரு சுருள் கயிறு, யாரோ மறந்து வைத்த வாளி. எல்லாவற்றையும் எடுத்துப் போட்டு, மூட்டையைப் பிடித்து இழுத்து, லாக்கர் விளிம்பைத் தாண்ட முடியாமல் அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். 4 நிமிடம் 20 விநாடி. மூட்டை இன்னும் லாக்கருக்குள்தான் இருந்தது. மறுவாரமே இடத்தை மாற்றினோம்.

உங்களுக்கு ஏற்றது தூக்கவே தேவையில்லாத இடம். இழுத்தால் அல்லது ஒரு பின்னைப் பிடுங்கினால் ராஃப்ட் தானாகத் தண்ணீரில் விழ வேண்டும். படகின் பின்பக்கச் சுவரில் அதற்கென்றே அறை வைத்த படகுகள் இப்போது நிறைய வருகின்றன. அது இல்லையென்றால் பின்கம்பியில், அதாவது படகின் பின்னோரக் கைப்பிடிக் கம்பியில், சாய்வுத் தொட்டில். டெக்கில்தான் வைக்க வேண்டுமென்றால், லைஃப்லைன் 60 செ.மீ. உயரம் என்பதை மறக்காதீர்கள். 38 கிலோவை அதற்கு மேல் தூக்கிப் போட உங்களால் முடியாது. தொட்டிலுக்கு நேரே லைஃப்லைனில் கொக்கி வைத்துத் திறக்கிற வாசல் போடச் சொல்லுங்கள். உருட்டிவிட்டால் போதும்.

தாராவியில் ஃபேப்ரிகேஷன் பட்டறை வைத்திருக்கும் தம்பி: பின்கம்பியில் மாட்டுவது நல்லது என்கிறீர்கள். பட்டறையில் தொட்டில் நானே செய்து தருகிறேன். எதைக் கவனிக்கணும்?

தொட்டிலை விடு தம்பி, கம்பியைப் பார். பெரும்பாலான படகில் பின்கம்பி 25 மி.மீ. குழாய். மனிதர் பிடித்துக்கொள்ளப் போட்டது, பாரம் தொங்கவிட அல்ல. அலையில் படகு குதிக்கிற ஒவ்வொரு முறையும் அந்த 40 கிலோ பல மடங்காக இழுக்கும். வெல்டிங் ஓரத்தில் மயிரிழை விரிசல் விடும், துருக்கறை வெளியே வருகிற வரை தெரியாது. கீழே டெக்குக்கு ஒரு சாய்வுக் கால் கொடு. டெக்கில் ஸ்க்ரூ வேண்டாம். ஊடுருவும் போல்ட்டும் உள்பக்கம் அகலமான தகடும் போடு. 30 அடிக்குக் கீழே உள்ள படகாயிருந்தால் பின்பக்கம் அமிழ்ந்து அணியம் (முன்பக்கம்) தூக்கும். அதையும் சொல்லிவிடு.

அந்தேரி நண்பர்: அணியத்தில் நிறைய இடம் சும்மா கிடக்கிறதே, அங்கே வைத்தால் என்ன?

சும்மா கிடப்பதற்குக் காரணம் இருக்கிறது. அலை முதலில் அறைவது அங்கேதான். நெருக்கடியில் டெக் முழுக்க நடந்து அங்கே போக வேண்டும். கேபின் கூரையில், பாய்மரத்துக்கும் காக்பிட்டுக்கும் நடுவில் வைக்கலாம். நான் இப்போது வைத்திருப்பதும் அங்கேதான். எங்கள் படகில் பின்சுவர் அறை இல்லை. பாரம் கொஞ்சம் மேலே ஏறுகிறதுதான், 36 அடிக்கு அது ஒரு ஆள் கூரையில் உட்கார்ந்திருப்பது மாதிரி. ஒத்துக்கொண்டேன்.

ஒரு எச்சரிக்கை. கேனிஸ்டரில் அடிப்பக்கம் எது என்று குறி இருக்கும், அங்கே தண்ணீர் வடியச் சிறு துளைகள் இருக்கும். எங்கள் படகின் முந்தைய உரிமையாளர் அதைத் தலைகீழாகப் பொருத்தியிருந்தார். சர்வீஸுக்குத் திறந்தபோது இரண்டு சொம்புத் தண்ணீர் கொட்டியது. உள்ளே ஃப்ளேர் (ஆபத்தில் கொளுத்திக் காட்டும் தீச்சுடர்) டப்பா துருப்பிடித்து இட்லித் தட்டோடு ஒட்டின மாவு மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. அப்புறம், கேனிஸ்டர் உட்காரும் திண்ணை அல்ல. விருந்தினர் எல்லாருக்கும் அதுதான் முதலில் கண்ணில் படும்.

கப்பலில் தேர்டு ஆஃபீசராக இருக்கும் தம்பி: கப்பல் ராஃப்ட் எல்லாவற்றிலும் ஹைட்ரோஸ்டாட்டிக் ரிலீஸ் இருக்கு. பாய்மரப் படகிலும் போட்டுவிட்டால் இடம் எதுவானால் என்ன, அண்ணா?

கப்பல்காரன் புத்தி எனக்கும் அப்படித்தான் சொன்னது. அந்தக் கருவி 1.5 முதல் 4 மீட்டர் ஆழத்தில் தண்ணீரின் அழுத்தத்தால், ராஃப்டைப் பிணைத்த கயிற்றை அறுக்கும். ராஃப்ட் மேலே மிதந்து வரும், ராஃப்டைப் படகோடு இணைக்கும் பெயின்டர் கயிறு இழுபட்டு ஊதும், பிறகு மெல்லிய இணைப்பு அறுந்து மூழ்கும் கப்பலை விட்டு விலகும். கப்பலுக்கு அருமையான ஏற்பாடு.

பாய்மரப் படகோ பல நேரம் முழுசாக மூழ்காமல் டெக் மட்டத்துக்குத் தண்ணீரில் தொங்கிக்கொண்டிருக்கும். கூரையில் உள்ள ராஃப்டுக்கு மேலே ஒரு மீட்டர் தண்ணீர்கூட இருக்காது. கருவி அசையாது. படகு கவிழ்ந்தால் எதிர்ச்சிக்கல்: கூரை கீழே போகும், கருவி அறுக்கும், ராஃப்ட் பாய்க்கும் கம்பிவடங்களுக்கும் நடுவே ஊதிச் சிக்கிக்கொள்ளும். பின்கம்பியில் இருப்பதற்கு இந்த ஆபத்து குறைவு. போடாதே என்று சொல்லவில்லை. எல்லாரும் மயங்கிக் கிடக்கும்போது அது மட்டுமே மிச்சம். ஆனால் கையால் அவிழ்க்கும் வழியும் கூடவே இருக்க வேண்டும். ஒரே இழுப்பில் விடுகிற கொக்கி, பக்கத்திலேயே கயிற்றில் கட்டிய கத்தி. அந்தக் கருவியின் ஆயுள் 2 வருடம். தேதியை மாற்றாமல் விட்டவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

பெயின்டரின் நுனி தொட்டிலில் அல்ல, படகின் உறுதியான இடத்தில் கட்டியிருக்க வேண்டும். ராஃப்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, கயிறும் கூடவே போவதைப் பார்த்துக்கொண்டு நிற்பதைவிடக் கொடுமை வேறில்லை.

டோம்பிவ்லி நண்பர்: கேபினுக்குள், படிக்கட்டுக்குப் பக்கத்தில் வைத்தால் வெயிலும் படாது, திருட்டும் போகாது இல்லையா?

சரிதான், நங்கூரத்தில் நிற்கிற வரை. படகை விட்டு இறங்க வைப்பவை இரண்டே: தண்ணீர், நெருப்பு. இரண்டும் முதலில் பிடிப்பது கேபினைத்தான். 2020 நவம்பர் 30-ஆம் தேதி, கேப் டவுனுக்குத் தென்மேற்கே தனியாளாக உலகைச் சுற்றும் வான்தே குளோப் பாய்மரப் போட்டியில் கெவின் எஸ்கோஃபியே என்ற பிரெஞ்சுக்காரரின் படகு அலையில் மடிந்து உடைந்தது. அவருக்குக் கிடைத்தவை நிமிடங்கள்தான். ராஃப்டில் ஏறிக்கொண்டார். 11 மணி நேரத்துக்குப் பிறகு சக போட்டியாளர் ழான் லெ காம் வந்து அவரை ஏற்றிக்கொண்டார். கேபின் தரையைத் தூக்கி, மேஜையை நகர்த்தி எடுக்க எஸ்கோஃபியேவுக்கு நேரம் இருந்திருக்குமா?

அதே நண்பர்: கை எட்டும் தூரத்தில் இருந்தால் பயத்தில் சீக்கிரமே குதித்துவிட மாட்டோமா?

நல்ல கேள்வி. 1979-இல் பிரிட்டனின் ஃபாஸ்ட்நெட் பாய்மரப் போட்டியின் புயலில் 24 படகுகளைக் கைவிட்டார்கள், மூழ்கியவை 5 மட்டுமே. மற்றவை மிதந்துகொண்டே இருந்தன. போட்டியாளர்களில் 15 பேர் இறந்தார்கள், அதில் சிலர் ராஃப்டில் ஏறியவர்கள். நம்மவர் அபிலாஷ் டோமி, உலகைச் சுற்றும் பாய்மரப் போட்டியில், 2018 செப்டம்பரில் இந்தியப் பெருங்கடலில் பாய்மரம் முறிந்து, முதுகில் அடிபட்டு, மூன்று நாள் படகுக்குள்ளேயே படுத்திருந்தார். ஒசிரிஸ் என்ற பிரெஞ்சுக் கப்பல் வந்து எடுத்தது. மிதக்கிற படகைவிட நல்ல ராஃப்ட் கிடையாது. அதற்காக ராஃப்டை ஒளித்து வைப்பது, சாப்பிடாமலிருக்கத் தின்பண்டத்தைப் பரணில் வைப்பது மாதிரி. ஆசை அடங்காது, தேவைப்படும்போது ஏணியும் கிடைக்காது.

செம்பூர் நண்பரின் மனைவி: ஜூன் முதல் செப்டம்பர் வரை படகு கரையில் இருக்கும்போது இதை எங்கள் ஒன் பிஎச்கே வீட்டில் வைக்கப்போகிறாராம். சரியா?

சரிதான் அம்மா, கோபப்படாதீர்கள். மூடிய படகில் நான்கு மாத மழை ஈரத்துக்கு அதைவிட வீடு மேல். ஆனால் பால்கனி வேண்டாம், தரையில் நேராகவும் வேண்டாம். இரண்டு மரக்கட்டை மேல், குறியிட்ட பக்கம் கீழே இருக்க, காற்றோட்டமான இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். வேலிஸ் என்றால் எலியைப் பாருங்கள், மும்பை எலிக்கு ரப்பர் துணி விருந்து. மேலே மெத்தையோ பெட்டியோ அடுக்காதீர்கள். இழுத்தால் ஊதவைக்கும் பெயின்டர் கயிற்றின் நுனியைக் குழந்தைகள் எட்டாதபடி செருகி வையுங்கள். கூடத்தில் அது ஊதிவிட்டால் நீங்கள் எல்லாரும் படிக்கட்டில்தான் இருக்க வேண்டும். சர்வீஸ் வேண்டிய வருடமானால் இந்த மாதங்களிலேயே அனுப்பிவிடுங்கள், வீட்டில் இடமும் மிஞ்சும்.

வாஷி நண்பர்: கோவாவில் கட்டமரன் (இரட்டை உடல் படகு) எடுக்கிறோம். ராஃப்ட் எங்கே இருக்கிறதென்று பார்ப்பது?

கவிழ்ந்த பிறகும் எட்டுமா என்று பாருங்கள். கட்டமரன் ஒருமுறை தலைகீழானால் அப்படியே இருக்கும், நிமிராது. பின்பக்கக் குறுக்குச் சட்டத்தில், இரண்டு நிலையிலும் இழுத்தெடுக்கும்படி இருப்பதே நல்லது.

கொலாபாவிலிருந்து ஒருவர்: துறைமுகத்துக்கு எதிர்க்கரையில் உள்ள மாண்ட்வா வரைதான் போவோம். டிங்கி (கூட இழுத்துப்போகும் சின்ன ரப்பர் படகு) போதாதா?

பகலில், துறைமுகத்துக்குள், எல்லாரும் லைஃப் ஜாக்கெட் போட்டு, 16-ஆம் சேனலில் விஎச்எஃப் ரேடியோ வைத்திருந்தால் போதும். டிங்கியை ஊதி வைத்துக்கொண்டு போங்கள், மடித்து லாக்கரில் அல்ல.

முலுண்ட் சகோதரி மறுபடி: ராஃப்டோடு எடுக்க வேண்டிய பையை எங்கே வைப்பது?

ராஃப்டின் பக்கத்தில் வேண்டாம், படிக்கட்டின் மேல்படிக்கு அருகில், கையை நீட்டினால் கிடைக்கும் கொக்கியில். கீழேயிருந்து மேலே ஓடுகிறவர் வழியில் எடுக்க வேண்டியது அது. தண்ணீர், கையடக்க விஎச்எஃப், மருந்து, மூக்குக்கண்ணாடி. அவசர பீக்கனும் (ஆபத்தில் செயற்கைக்கோள் வழியே சைகை அனுப்பும் கருவி) அதிலோ, பக்கத்து ஹோல்டரிலோ. 406 மெகாஹெர்ட்ஸ் பீக்கனின் அழைப்பு பெங்களூரில் உள்ள இஸ்ரோ நிலையத்தில் கேட்கும், அங்கிருந்து கடலோரக் காவல்படைக்குப் போகும். ஆனால் பீக்கனை உங்கள் பெயரில் பதிவு செய்திருக்க வேண்டும். பழைய உரிமையாளர் பெயரில் இருந்தால் அவர் வீட்டு போன்தான் அடிக்கும். செம்பூர் நண்பரே, உங்கள் படகு செகண்ட் ஹேண்ட் என்று சொன்ன ஞாபகம். இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.