தட்டினால் சிரிப்பு

கேள்வி: டி.வி. காமெடி ஷோக்களில் எதிரே உட்கார்ந்து சிரிக்கும் கூட்டம், மேடையில் நிற்பவரை மாற்றுமா? நாட்டுக்கு நாடு இது வேறுபடுமா?
- வாசகி, தேனி

பதில்: ரொம்பவே மாற்றும். நியூயார்க்கின் ஹார்லெம் அப்பல்லோ தியேட்டரில் 1934 முதல் புதுமுகங்களுக்கென்று ஓர் இரவு நடக்கிறது. பிடிக்காவிட்டால் கூட்டம் ஊளையிடும். அந்தக் காலத்தில் சாண்ட்மேன் சிம்ஸ் என்ற நடனக்காரர் உடனே துடைப்பத்தோடு வந்து ஆளை விரட்டுவாராம்! அங்கே ஆற அமரக் கதை சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும்?

ஜப்பானின் மன்சாய் காமெடியில் இரண்டு பேர். ஒருவர் உளறுவார், மற்றவர் 'என்னய்யா பேசுற!' என்று மண்டையில் தட்டுவார். அந்தத் தட்டுதான் கூட்டத்துக்கு சிக்னல். எம்-1 என்ற மன்சாய் போட்டியின் இறுதிச் சுற்றில் ஒரு ஜோடிக்கு 4 நிமிடம்தான். சிரிப்பு அடங்கட்டும் என்று நின்றால் அடுத்த ஜோக்குக்கு நேரம் இருக்காது. எனக்கு அப்பல்லோவைவிட இதுதான் பயங்கரமாகத் தெரிகிறது.