மன அழுத்தம் குறைய எவ்வளவு உடற்பயிற்சி, எந்த வேகத்தில்?

கேள்வி: "உடற்பயிற்சி செய்தால் மன அழுத்தம் குறையும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். உண்மையிலேயே குறையுமா? எவ்வளவு செய்ய வேண்டும்? ஒவ்வொரு முறையும் இரண்டாவது வாரத்திலேயே விட்டுப்போகிறதே, ஏன்?"

குறையும். ஆனால் கடைசியில் கேட்ட "ஏன் விட்டுப்போகிறது" என்பதுதான் இதில் முக்கியமான கேள்வி. எடை குறைக்கவோ போட்டிக்கோ செய்யும் பயிற்சி வேறு, மனசுக்காகச் செய்யும் பயிற்சி வேறு. முன்னதற்கான கடுமையைப் பின்னதில் கொண்டுவந்து வைப்பதால்தான் பலருக்கு இரண்டாவது வாரத்தில் வெறுத்துப்போகிறது.

முதலில், ஏன் குறைகிறது என்று பார்ப்போம். "எண்டார்ஃபின் என்ற வலிதணிக்கும் பொருள் உடலில் சுரக்கும், அதனால் மனம் லேசாகும்" என்ற விளக்கம் எங்கும் கேட்கும். அது முழு விளக்கம் அல்ல. ரத்தத்தில் ஓடும் எண்டார்ஃபின் மூளைக்குள் எளிதில் நுழைவதில்லை. 2021-இல் வெளியான ஓர் ஆய்வில், எண்டார்ஃபின் போய் ஒட்டும் ஏற்பிகளை அடைத்துவிடும் நால்ட்ரெக்சோன் என்ற மருந்தைக் கொடுத்துவிட்டு 45 நிமிடம் ஓட வைத்தார்கள். அப்படியும் ஓடியவர்களுக்குப் பதற்றம் குறைந்தது, உற்சாகம் வந்தது. உடலே உண்டாக்கும் எண்டோகன்னபினாய்டு என்ற வேறு வகைப் பொருள்களின் பக்கம்தான் இப்போது ஆய்வாளர்களின் கவனம் திரும்பியிருக்கிறது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், எண்டார்ஃபின் கதையை நம்புகிறவர்கள் உடம்பு வலிக்க வலிக்கச் செய்தால்தான் பலன் என்று எண்ணிக்கொள்கிறார்கள். அப்படி இல்லை.

நெருக்கடி வரும்போது உடலில் என்ன நடக்கிறது? இதயம் வேகமெடுக்கிறது, மூச்சு மேலோட்டமாகிறது, தோளும் தாடையும் இறுகுகின்றன. அட்ரினலின், கார்ட்டிசால் என்ற நெருக்கடிநேர ஹார்மோன்கள் ஏறி, ரத்தத்தில் சர்க்கரையைக் கூட்டுகின்றன. உடல் ஓடத் தயாராகிவிட்டது, ஆள் மட்டும் நாற்காலியை விட்டு எழவில்லை. வேகமாக நடக்கும்போதும் இதே ஏற்பாடுதான் முடுக்கப்படுகிறது. ஆனால் அது நாமே தொடங்கியது, அளவானது, முடிந்ததும் தணிவது. வாரக்கணக்கில் இப்படி ஏற்றி இறக்கும்போது ஓய்வுநிலைத் துடிப்பு குறைகிறது, உழைப்புக்குப் பின் துடிப்பு சீக்கிரம் இறங்குகிறது, தூக்கமும் ஆழமாகிறது. தூக்கம் சரியானாலே அடுத்த நாளின் எரிச்சலில் ஒரு பங்கு போய்விடும்.

திடீர்ப் பீதி வருகிறவர்களுக்கு இதில் இன்னொரு பலன் இருக்கிறது. அவர்களுக்கு நெஞ்சு படபடத்தால் அந்தப் படபடப்பே பயத்தைக் கிளப்பும். பயிற்சியில் அதே படபடப்பு, அதே வியர்வை, அதே மூச்சிரைப்பு வந்து, ஒன்றும் ஆகாமல் அடங்குவதைத் திரும்பத் திரும்ப அனுபவிக்கும்போது, அந்த அறிகுறிகளுக்கும் ஆபத்துக்கும் இருந்த முடிச்சு தளர்கிறது. ஆனால் முதல் சில நாட்களில் பயம் கூடினாற்போலத் தோன்றலாம். அதனால் அவர்கள் சமதளத்தில் ஐந்து நிமிட நடையிலிருந்து மெல்ல ஏறுவது நல்லது.

மனச்சோர்வுக்கும் இது உதவுமா என்றால், அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகம் 1999-இல் வெளியிட்ட ஆய்வைச் சொல்ல வேண்டும். 50 வயதைத் தாண்டிய, மனச்சோர்வு நோய் உறுதியான 156 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குப் பயிற்சி, ஒன்றுக்கு செர்ட்ராலின் மாத்திரை, ஒன்றுக்கு இரண்டும். 16 வாரம் கழித்து மூன்று குழுக்களிலும் முன்னேற்றம் ஏறத்தாழ ஒரே அளவு. மாத்திரை ஆரம்பத்தில் சற்று வேகமாக வேலை செய்தது. கவனிக்க வேண்டியது பயிற்சியின் அளவை: வாரம் மூன்று நாள், நாளுக்கு அரைமணி நேரம், அவ்வளவுதான். 2024-இல் 218 ஆய்வுகளை ஒன்றுதிரட்டி அலசியபோதும் நடை, மெதுஓட்டம், யோகா, தசைப் பயிற்சி எல்லாமே மனச்சோர்வைக் குறைப்பதாகத் தெரிந்தது. அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடக் கூடாது. குறைப்பதா, நிறுத்துவதா என்பது மருத்துவர் எடுக்க வேண்டிய முடிவு.

இனி வேகம். பலரும் தவறுவது இங்கேதான். பேச்சை வைத்து அளப்பது மிக எளிது: முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. நாலைந்து சொல்லுக்கு ஒருமுறை மூச்சுக்காக வாக்கியம் உடைந்தால் வேகம் கூடிவிட்டது. இந்த எல்லையைத் தாண்டிய பிறகு பெரும்பாலோருக்குச் செய்யும்போதே மனநிலை கீழே இறங்குகிறது. செய்யும்போது துன்பமாக இருந்ததை நாளைக்கும் செய்ய மனம் ஒப்பாது. அதைச் சோம்பல் என்று நினைத்துத் தன்னைத் திட்டிக்கொள்கிறவர்கள் ஏராளம். வேகத்தைக் குறைத்தாலே போதும்.

எண் வேண்டுமென்றால், வயதை 0.7-ஆல் பெருக்கி 208-இலிருந்து கழியுங்கள். 40 வயதுக்கு 180 வரும், அது உச்சத் துடிப்பின் மதிப்பீடு. அதில் 60 முதல் 75 சதவீதம், அதாவது நிமிடத்துக்கு 108 முதல் 135 வரை இருந்தால் நல்ல வரம்பு. ரத்த அழுத்தத்துக்கோ படபடப்புக்கோ பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, ஏனெனில் அந்த மருந்து துடிப்பை ஏறவிடாது. அவர்கள் பேச்சை வைத்தே அளக்கட்டும்.

கடுமையான பயிற்சி கெட்டதா? நன்றாகத் தூங்கிச் சாப்பிட்டிருப்பவருக்குக் கெட்டதல்ல, சிலருக்கு அதுதான் பிடிக்கும். ஆனால் 2008-இல் வந்த ஓர் ஆய்வில் உடல் பயன்படுத்தக்கூடிய உச்ச ஆக்சிஜன் அளவில் (மேலே சொன்ன துடிப்புச் சதவீதம் வேறு கணக்கு) 40 சதவீத உழைப்பு கார்ட்டிசாலைக் குறைத்தது, 60-ம் 80-ம் ஏற்றின. அந்த ஏற்றம் தற்காலிகம்தான். இருந்தாலும் ஏற்கெனவே தூக்கம் கெட்டு, வேலைச் சுமையில் நொந்து வருகிறவர் அன்றைக்கே முழு மூச்சில் ஓடினால் அது சுமைக்கு மேல் சுமை. அப்படிப்பட்ட நாளில் இருபது நிமிட நிதான நடை போதும்.

அளவு: 18 வயதுக்கு மேற்பட்டவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சியும், குறைந்தது இரண்டு நாள் தசைப் பயிற்சியும் செய்யலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 பரிந்துரை. அது போய்ச் சேர வேண்டிய இடம், முதல் வாரத்திலேயே எட்ட வேண்டியதல்ல. முதல் இரண்டு வாரம் நாளுக்கு 10 நிமிடம், வாரம் ஐந்து நாள். இன்னும் செய்யலாம் என்று தோன்றினாலும் நிறுத்திவிடுங்கள், ஆசை மிச்சமிருக்கும்போது முடிப்பதுதான் மறுநாள் இழுத்துவரும். மூன்றாம், நான்காம் வாரம் 15 முதல் 20 நிமிடம். ஐந்தாம் வாரத்திலிருந்து 25, எட்டாம் வாரத்துக்குள் 30. முதல் மூன்று நான்கு நிமிடமும் கடைசி ஐந்து நிமிடமும் மெதுவாக இருக்கட்டும். கடைசி ஐந்தை மட்டும் யாருக்காகவும் வெட்டாதீர்கள். சட்டென்று நின்றால் ரத்தம் கால்களில் தேங்கித் தலை சுற்றும், பதற்றக்காரரை அது இன்னும் கலவரப்படுத்தும். தவிர, எளிதாக முடிந்த பயிற்சி நினைவிலும் இனிதாகவே தங்குகிறது.

தசைப் பயிற்சிக்குக் கருவி வேண்டாம். கையை ஊன்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை வைத்துத் தண்டால், மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பைத் தூக்குவது. ஒவ்வொன்றும் 8 முதல் 12 தடவை, இரண்டு சுற்று, நடுவில் ஒரு நிமிட ஓய்வு. வாரம் இரண்டு நாள், அடுத்தடுத்த நாளில் வேண்டாம். கடைசி இரண்டு தடவை கடினமாகத் தெரிந்தால் அளவு சரி. மூச்சை அடக்காதீர்கள், தூக்கும்போது வெளியே விடுங்கள். அடக்கினால் ரத்த அழுத்தம் சட்டென ஏறி, தலை கனக்கும்.

எல்லாம் சரியாகச் செய்தும் பலன் தெரியவில்லை என்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, நடக்கும்போது கையில் கைபேசி இருக்கிறதா என்பதைத்தான். அலுவலக அழைப்பைப் பேசிக்கொண்டே நடந்தால் கால்தான் நடக்கிறது, மனம் அதே இடத்தில் அரைத்துக்கொண்டிருக்கிறது. மூன்று அடிக்கு மூச்சை இழுத்து, நான்கு அடிக்கு விட்டு நடந்து பாருங்கள். எண்ணம் ஓடினால் திரும்ப எண்ணத் தொடங்கினால் போதும். மரமும் வெளியும் உள்ள பாதை கிடைத்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். அடுத்து நேரம்: கடுமையான பயிற்சியைப் படுக்கப்போவதற்கு ஒரு மணி நேரத்துக்குள் முடித்தால் தூக்கம் வரத் தாமதமாகலாம், இரண்டு மணி இடைவெளி விடுங்கள். வெறும் வயிற்றில் காபி குடித்துவிட்டு ஓடினால் வரும் கை நடுக்கமும் படபடப்பும் பதற்றம் போலவே இருக்கும். காபியைப் பயிற்சிக்குப் பின் தள்ளுங்கள்.

மனம் சோர்ந்த நாளில் செய்யத் தோன்றாது. தோன்றட்டும் என்று காத்திருந்தால் தோன்றவே தோன்றாது, ஏனென்றால் ஆர்வம் வற்றுவதே அந்தச் சோர்வின் அறிகுறி. அன்றைக்குக் குறிக்கோள் இவ்வளவுதான்: காலணியை மாட்டி, வாசலைத் தாண்டி, ஐந்து நிமிடம். திரும்பிவிட முழு உரிமை உண்டு. உடையை முந்தின இரவே எடுத்துவைத்து, "வேலையிலிருந்து வந்ததும் உட்காராமல்" என்பது போல நேரத்தை ஒரு செயலோடு கட்டிவிடுங்கள். லண்டனில் நடந்து 2010-இல் வெளியான ஆய்வில் ஒரு செயல் பழக்கமாகச் சராசரியாக 66 நாள் ஆனது, ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை மாறியது. நடுவே ஒரு நாள் தவறியதால் பெரிய பாதிப்பு இல்லை. ஆகவே ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் வழக்கம்போல். ஒரு வாரம் விட்டுப்போனால் பாதி நேரத்தில் தொடங்கி, மூன்று நான்கு முறையில் பழைய அளவுக்கு வாருங்கள். விட்டதை ஈடுகட்ட இரட்டிப்பாகச் செய்வது காயத்தில் முடியும்.

மிகையும் உண்டு. காலையில் எழுந்ததும் எடுக்கும் துடிப்பு சில நாட்களாக வழக்கத்தைவிட 5 முதல் 10 வரை கூடியிருந்து, தூக்கம் கலைந்து, எரிச்சலும் ஏறினால் ஒரு வாரம் அளவைப் பாதியாக்குங்கள். சாப்பிட்டதற்குத் தண்டனையாகப் பயிற்சி செய்யத் தோன்றினால் அது மனநல மருத்துவரிடம் பேச வேண்டிய விஷயம். மனநிலை ஏற்ற இறக்கத்துக்குத் தரும் லித்தியம் மருந்தை எடுப்பவர்கள் வெயிலில் வியர்க்க வியர்க்க உழைக்கக் கூடாது. உடலில் நீர் வற்றினால் ரத்தத்தில் லித்தியம் ஏறி நச்சாகலாம், எனவே தண்ணீரும் உப்பும் வழக்கமான அளவில் இருக்கட்டும். நெஞ்சு வலி, மயக்கம், தாறுமாறான துடிப்பு வந்தால் உடனே நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் பயிற்சியை நம்பிக் காத்திருக்கவே வேண்டாம். அன்றைக்கே, அந்த மணியிலேயே மருத்துவரிடமோ பக்கத்தில் இருப்பவரிடமோ சொல்லிவிடுங்கள்.

பலனை எப்படி அளப்பது? தொடங்கும் முன்னும், முடித்துப் பத்து நிமிடம் கழித்தும் மன இறுக்கத்துக்கு 0 முதல் 10-க்குள் ஒரு எண் கொடுத்து எழுதுங்கள். பக்கத்தில் முந்தின இரவு தூங்கிய நேரம். முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள வித்தியாசம் முதல் வாரத்திலேயே தெரியலாம், அந்த இதம் சில மணி நேரம் நிற்கும். அதனால் நாளின் கடினமான பகுதிக்குச் சற்று முன் பயிற்சியை வைத்தால் லாபம். "முன்" என்ற எண்ணே இறங்க நான்கு முதல் எட்டு வாரம் பிடிக்கும், அதற்கு நாள் கணக்கை விட்டு வாரச் சராசரியைப் பாருங்கள். எட்டு வாரத்துக்குப் பிறகும் அது அசையவில்லை என்றால் வேகத்தைக் கூட்டிப் பார்க்காதீர்கள். ரத்தசோகை, தைராய்டு குறைபாடு, தூக்கத்தில் மூச்சு அடைப்பு எல்லாமே இதே சோர்வைத் தரும். மருத்துவரைப் பார்க்கும்போது அந்தத் தாளையும் எடுத்துச் செல்லுங்கள், அவர் கேட்கும் முதல் சில கேள்விகளுக்கு விடை அதில் இருக்கும்.