முகப்புச் சட்டத்தை இடிக்க வேண்டாம்

கானாடுகாத்தான் வீட்டு முகப்பில் சுருள் வேலைப்பாட்டுடன் ஒரு சுதைச் சட்டம், உள்ளே உங்கள் ஐயாவின் விலாச எழுத்தும் (பெயரைக் குறிக்கும் முதலெழுத்துகள்) வருடமும். இடித்துவிட்டு கிரானைட் பலகை வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம்.

ஓரம் சுருண்ட அந்த வடிவம் ஐரோப்பாவில் கல்லறை, அரண்மனை வாசல், வரைபடத் தலைப்பு என்று எங்கும் வந்தது. இது இன்னாருடையது என்று கண்ணை அங்கே நிறுத்துவதுதான் அதன் வேலை. எகிப்தில் இன்னும் பழைய வழக்கம் ஒன்று உண்டு: மன்னர் பெயரைச் சுற்றி நீள்வட்டக் கயிறு, பெயருக்கே காவலாக. 1822இல் பிரெஞ்சு அறிஞர் ஷாம்போலியன் பழைய எகிப்திய எழுத்துகளைப் படித்ததில் அப்படிச் சுற்றிய பெயர்களுக்குப் பெரிய பங்கு.

அப்புறம், சுண்ணாம்புச் சுதை என்றால் மேலே சிமெண்ட் பூச விடாதீர்கள். ஈரம் உள்ளேயே தங்கி உதிர்ந்துவிடும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரை வைத்து விரிசலை மட்டும் அடையுங்கள். உங்கள் பெயருக்குத் திண்ணைச் சுவரில் தனிப் பலகை வைக்கலாமே.