தாடி அடர்த்தி இல்லாதவர் முதல் சேஃப்டி ரேசராக எதை வாங்கலாம்?

கேள்வி: வயது இருபது. மோவாயிலும் மேலுதட்டிலும் கொஞ்சம் முடி இருக்கிறது, கன்னத்தில் பூனை முடிதான். இதுவரை பயன்படுத்தித் தூக்கி எறியும் ரேசரில்தான் ஷேவ் செய்கிறேன். மறுநாள் கழுத்து சிவந்துவிடுகிறது. சேஃப்டி ரேசருக்கு மாறலாமா? எதை வாங்குவது?

பதில்:

தாராளமாக மாறலாம். சேஃப்டி ரேசர் என்பது இரண்டு ஓரமும் கூரான ஒரே பிளேடை மாற்றி மாற்றிப் போட்டுப் பயன்படுத்தும் ரேசர். மென்மையாக வெட்டும் ரேசர் ஒன்றை வாங்குங்கள், அதில் கூர்மையான பிளேடைப் போடுங்கள். புதியவர்களுக்குப் பலர் சொல்லும் அறிவுரை இதற்கு நேர்மாறாகவும் இருக்கும். அதனால் காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

என் முகமும் ஏறக்குறைய உங்கள் முகம் மாதிரிதான். முப்பதைத் தாண்டியும் கன்னம் நிரம்பவில்லை. ரேசர் பற்றி வீடியோ போடுகிறவர்களில் பெரும்பாலோர் முரட்டுத் தாடிக்காரர்கள். ஒரே இழுப்பில் எவ்வளவு முடி போகிறது என்பதுதான் அவர்களுடைய அளவுகோல். நமக்கு அது உதவாது. முடி குறைவான முகத்தில் பிளேடு போகும் வழியில் பாதிக்கு மேல் வெட்டுவதற்கு எதுவும் இருக்காது, அது தோலைத்தான் சுரண்டிக்கொண்டு போகும். எனவே, வெட்டியது போக மீதி இடத்தில் தோலைச் சும்மா விடுகிற ரேசர்தான் நமக்கு வேண்டும். என் மச்சானுக்கு அடர்த்தியான தாடி. அவர் ஜெர்மனியின் ம்யூலே ஆர்41 வைத்திருக்கிறார், அதில் அவருக்கு ரொம்பத் திருப்தி. திறந்த பல் வைத்த, அதாவது பிளேடுக்குக் கீழே உள்ள விளிம்பு சீப்புப் பல் போல இருக்கும், மிகக் கடுமையான ரேசர் அது. அவருக்கு அது சரி. உங்களுக்கு அதை யாராவது சிபாரிசு செய்தால் தயவுசெய்து கேட்காதீர்கள்.

ஒரு ரேசர் மென்மையா கடுமையா என்பது எதைப் பொறுத்தது? பிளேடு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனம்தான். மேல் மூடியும் அடித்தட்டும் சேர்ந்து அதை வளைத்து இறுக்கிப் பிடிப்பதால்தான் அதற்கு விறைப்பு வருகிறது. பிளேடின் ஓரத்துக்குக் கீழே ஒரு விளிம்பு இருக்கும். பிளேடுக்கு முன்னால் போய்த் தோலை அழுத்திச் சமப்படுத்துவது அதன் வேலை. கிங் கேம்ப் ஜில்லெட் 1904-ல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கிய ரேசரிலிருந்து இன்றுவரை அடிப்படை இதுதான். இதில் இரண்டு அளவுகளைக் கவனிக்க வேண்டும். ஒன்று, விளிம்புக்கும் பிளேடு முனைக்கும் நடுவிலுள்ள இடைவெளி. மற்றொன்று, மூடியையும் விளிம்பையும் தொட்டு ஒரு கோடு போட்டால் பிளேடு முனை அந்தக் கோட்டைத் தாண்டி எவ்வளவு துருத்திக்கொண்டிருக்கிறது என்பது. விளம்பரங்களில் பெரும்பாலும் முதல் எண்ணை மட்டும்தான் போடுவார்கள். ஆனால் தோலில் உறைப்பது இரண்டாவதுதான். அதனால் இடைவெளி எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். விளிம்பு சீப்புப் பல்லாக வெட்டப்படாமல் நேர்க்கோடாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதன்பிறகு, மெல்லிய தாடிக்காரர்கள் அந்த ரேசரைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று தேடிப் படியுங்கள்.

இனி பெயர் சொல்கிறேன். நான் பயன்படுத்துவது எட்வின் ஜாகர் டிஇ89, இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரத்து நிறுவனம். ம்யூலேயின் ஆர்89-லும் தலை, அதாவது பிளேடைப் பிடிக்கும் பகுதி, ஏறக்குறைய இதேதான், எது மலிவாகக் கிடைக்கிறதோ அதை வாங்கலாம். (ஆர்41, ஆர்89 என்று பெயர் பக்கத்தில் பக்கத்தில் இருந்தாலும் குணத்தில் இரண்டும் எதிரெதிர். ஆர்டர் போடும்போது எண்ணைச் சரிபாருங்கள்.) இன்னொரு நல்ல தேர்வு ஜெர்மனியின் சோலிங்கன் நகரத்து மெர்க்கூர் 34சி. குட்டையான, தடித்த கைப்பிடி, கையில் கனமாக உட்காரும். அந்தக் கனத்தால் ஒரு லாபம் உண்டு: ரேசரே தன் எடையில் இறங்குவதால் அழுத்தத் தோன்றாது. எறியும் ரேசரில் பழகிய கைக்கு அழுத்தும் வழக்கம் கண்டிப்பாக இருக்கும், உங்கள் கழுத்து சிவப்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கடுமையை மாற்றிக்கொள்ளும் வசதி வேண்டுமானால் ராக்வெல் 6சி பாருங்கள். மூன்று அடித்தட்டுகள், ஒவ்வொன்றும் இரு பக்கமும் பயன்படும், ஆக ஆறு நிலைகள். நமக்கு 1, 2 போதும். பின்னாளில் தாடி அடர்ந்தால் வேறு ரேசர் வாங்க வேண்டியிருக்காது என்பது இதன் சிறப்பு. இந்தியாவிலேயே செய்யப்படும் பார்க்கர் ரேசர்களில் வேரியண்ட் என்ற மாடலைத் திருகி 1 முதல் 5 வரை மாற்றலாம், 1-ல் வைத்துத் தொடங்குங்கள். அதே பார்க்கரில் 26சி திறந்த பல் வகை, அது இப்போது வேண்டாம். ஜப்பானின் ஃபெதர் ஏஎஸ்-டி2 மிகவும் மென்மையானது, ஆனால் விலை அதிகம். மாணவராக இருந்தால் அந்த விலை கொடுக்கத் தேவையில்லை என்பேன்.

கைப்பிடியின் அடியைத் திருகினால் மேல் மூடி இரண்டு கதவுகளாகத் திறக்கும் வகையும் உண்டு. பிளேடு மாற்றச் சுலபம்தான், ஆனால் உள்ளே சோப்பும் முடியும் சேர்ந்தால் கழுவுவது கடினம். கதவு இல்லாமல், மூடி தனியாகக் கழன்று வரும் ரேசரே முதல் ரேசருக்கு நல்லது.

மலிவான அலுமினிய ரேசர்கள் ஃபேன்சி ஸ்டோரிலும் கிடைக்கும். அவற்றை அடியோடு ஒதுக்க மாட்டேன். ஒரு சோதனை மட்டும் செய்யுங்கள்: பிளேடைப் போட்டு இறுக்கியபின் தலையை மேலிருந்து பாருங்கள். இரண்டு பக்கமும் பிளேடு ஒரே அளவு வெளியே தெரிய வேண்டும். ஒரு பக்கம் கூடவும் மறுபக்கம் குறையவும் இருந்தால் கழற்றி, பிளேடின் குட்டையான இரண்டு முனைகளையும் விரலால் பிடித்துக்கொண்டே மறுபடி இறுக்குங்கள். அப்போதும் கோணலாக இருந்தால் அந்த ரேசரை முகத்தில் வைக்க வேண்டாம். விலை உயர்ந்த ரேசருக்கும் இந்தச் சோதனை பொருந்தும்.

இனி பிளேடு. ரேசரைவிட உங்கள் முகத்துக்கு இதுதான் முக்கியம். “புதுசா தொடங்குறவங்க கூர்மை குறைஞ்ச பிளேடுல தொடங்கணும்” என்பார்கள். பூனை முடிக்கு இது பொருந்தாது. தடித்த முடி பிளேடுக்கு எதிராக நின்று வெட்டுப்படும். மெல்லிய முடி மழுங்கிய முனையைக் கண்டால் வளைந்து படுத்துவிடும். விட்டுப்போனதை எடுக்க அதே இடத்தில் திரும்பத் திரும்ப இழுப்போம். மூன்றாவது இழுப்பில் நுரையும் இருக்காது, தோல் எரிய ஆரம்பிக்கும். கூர்மையான பிளேடு ஒரே இழுப்பில் வேலையை முடித்துவிடும். அதன் கூர்மை தோலில் பாயாமல் பார்த்துக்கொள்ளும் வேலையை மென்மையான ரேசர் செய்யும். இரண்டும் சேர்ந்தால்தான் பலன்.

ஜில்லெட்டின் 7 ஓ'கிளாக், பச்சை அட்டை ஆஸ்ட்ரா, இரண்டில் எதில் வேண்டுமானாலும் தொடங்கலாம். ஃபெதர் பிளேடு இவற்றைவிடக் கூர்மை, விலையும் பல மடங்கு. கை பழகியபின் மென்மையான ரேசரில் போட்டுப் பாருங்கள், மெல்லிய முடிக்கு அருமையாக இருக்கும். டபுள் எட்ஜ் எனப்படும் இரண்டு ஓரமும் கூரான எந்த பிளேடும் மேலே சொன்ன எந்த ரேசரிலும் பொருந்தும், அந்தக் கவலை வேண்டாம். ஆனால் ரேசரையும் பிளேடையும் கிரீமையும் ஒரே நேரத்தில் மாற்றாதீர்கள். முதல் பாக்கெட் தீரும்வரை ஒரே பிளேடாக இருக்கட்டும், அப்போதுதான் எது ஒத்துக்கொள்கிறது, எது கடிக்கிறது என்று தெரியும்.

பிளேடைத் துண்டில் துடைக்கவே கூடாது. 1960களின் தொடக்கத்திலிருந்து பிளேடின் முனைக்கு மிக மெல்லிய வழுக்குப் பூச்சு கொடுக்கிறார்கள், நான்ஸ்டிக் தவாவில் இருக்கும் அதே வகைப் பொருள். தேய்த்தால் அது போகும், முனையும் மடங்கும். தண்ணீரில் அலசி உதறி வைத்தால் போதும். தாடி குறைவு என்பதால் நமக்கு ஒரு பிளேடு மற்றவர்களைவிட அதிக நாள் வரும். எத்தனை ஷேவ் என்று எண்ண வேண்டாம். முதல் இழுப்பிலேயே முடியைப் பிடித்து இழுப்பது போல் தெரிந்தால் மாற்றிவிடுங்கள்.

ஷேவ் செய்யும் முறை பற்றி நிறைய இடத்தில் எழுதியிருக்கிறார்கள், அதனால் மெல்லிய தாடிக்கு வேறுபடும் விஷயங்களை மட்டும் சொல்கிறேன். சரியான கோணம் கிடைத்தால் முடி வெட்டுப்படும் சத்தம் கேட்கும் என்பார்கள். நம் கன்னத்தில் அந்தச் சத்தம் சரியாகக் கேட்காது. கேட்கவில்லையே என்று கைப்பிடியைத் தூக்கியும் தாழ்த்தியும் தேடாதீர்கள். மேல் மூடி கன்னத்தில் படும்படி வைத்து, கைப்பிடியை மெதுவாகத் தாழ்த்துங்கள். பிளேடு தொடத் தொடங்கும் இடத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள், தோலுக்கும் பிளேடுக்கும் சுமார் 30 டிகிரி இருக்கும். கோணத்தைச் சத்தம் தெளிவாக வரும் மோவாயில் பழகுங்கள். முடி வளரும் போக்கில் ஒரு முறை, விட்டுப்போன இடத்தில் நுரை தடவி இன்னொரு முறை, அவ்வளவே. மூன்று சுற்று, எதிர்ப்போக்கு எல்லாம் நமக்குத் தேவையே இல்லை. கழுத்தில் மட்டும் முடியின் போக்கு பக்கவாட்டிலோ மேல்நோக்கியோ இருக்கலாம். இரண்டு நாள் முடி வளர்ந்திருக்கும்போது விரல் நுனியால் நாலு பக்கமும் தடவிப் பாருங்கள். எந்தப் பக்கம் வழவழப்பாக இருக்கிறதோ அதுதான் போக்கு. உங்கள் சிவப்பில் பாதி இதிலேயே போய்விட வாய்ப்பிருக்கிறது.

போர் தண்ணீர் வரும் வீடாக இருந்தால் கிரீமைக் குறை சொல்லாதீர்கள், உப்புத் தண்ணீரில் நுரை சரியாக எழும்பாது. பிரஷை நனைக்கவும் நுரை கூட்டவும் குடிதண்ணீர் ஒரு டம்ளர் எடுத்துக்கொள்ளுங்கள். முகத்தையும் ரேசரையும் எந்தத் தண்ணீரிலும் கழுவலாம், ஆனால் ரேசரைக் கழற்றி ஈரம் போகத் துடைத்து வையுங்கள், இல்லையென்றால் குரோம் பூச்சு புள்ளி புள்ளியாக அரிக்கும். முடித்ததும் சலூனில் தேய்ப்பார்களே, அந்தப் படிகாரக் கல்லை ஈர முகத்தில் ஒரு முறை தேய்த்துக் கழுவுங்கள். எங்கே சுரீர் என்கிறதோ அங்கே அழுத்தியிருக்கிறீர்கள். அடுத்த முறை அந்த இடத்தில் கையைத் தளர்த்துங்கள். எனக்கு இதைவிட நல்ல வாத்தியார் கிடைக்கவில்லை.

அடிக்கடி மழித்தால் தாடி அடர்த்தியாக வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் அதற்காகத் தினமும் ஷேவ் செய்யாதீர்கள். மழிப்பதால் முடியின் தடிமனோ வளரும் வேகமோ மாறாது என்று மில்ட்ரெட் டிராட்டர் என்ற அமெரிக்க உடற்கூறியலாளர் 1928-லேயே ஆய்வு செய்து காட்டிவிட்டார். வெட்டுப்பட்ட முனை மழுங்கலாக இருப்பதால் தடவும்போது சொரசொரவென்று தெரிகிறது, அவ்வளவுதான். வாரத்தில் இரண்டு முறை உங்களுக்குப் போதும். கன்னத்துப் பூனை முடியை அதற்கும் குறைவாகத் தொட்டால் போதும். பழுத்த பரு இருக்கும் நாட்களில் ரேசரை எடுக்கவே வேண்டாம், டிரிம்மர் போடுங்கள். இவ்வளவும் செய்த பிறகும் கழுத்தில் சீழ்க்கொப்புளம் வந்துகொண்டே இருந்தால் தோல் டாக்டரைப் பாருங்கள், அதை ரேசர் மாற்றிச் சரிசெய்ய முடியாது.

பழைய பிளேடை அப்படியே குப்பையில் போடாதீர்கள், குப்பையைப் பிரிக்கிற தூய்மைப் பணியாளரின் கையைத்தான் அது கிழிக்கும். மூடியுள்ள ஒரு தகர டப்பாவில் பிளேடு நுழையும் அளவுக்குக் கீறல் போட்டு அதில் சேர்த்து வையுங்கள். நிரம்பியதும் டேப் சுற்றி, உள்ளே பிளேடு என்று தமிழில் எழுதி, தனியாகக் கையில் கொடுங்கள்.