பணவீக்கத்தை ஜெயிக்க எஃப்.டி. மட்டும் போதுமா?

உங்களுக்கு வயது 30, மாதம் 10,000 ரூபாய் மிச்சம் பிடிக்க முடிகிறது, பங்குச் சந்தை என்றால் பயம், எஃப்.டி. மட்டும் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இருபது வருடம் தொடப்போவதில்லை என்றால் கண்டிப்பாகப் போதாது.

வருமான வரித் துறையின் பணவீக்கக் குறியீட்டைப் பாருங்கள். 2001-02-ல் 100 ஆக இருந்தது 2024-25-ல் 363. அதுகூட நகர்ப்புற விலைவாசி உயர்வில் முக்கால் பங்கை மட்டும் எடுத்துப் போட்ட கணக்கு. எஃப்.டி.யில் 7% வட்டி கிடைத்தாலும், 30% வரி கட்டுகிறவர் கையில் ஐந்துக்கும் குறைவாகத்தான் நிற்கும். விலைவாசி ஆண்டுக்கு 6% ஏறினால், இன்று ஒரு லட்சத்துக்கு வாங்கும் சாமான் இருபது வருடத்தில் 3.2 லட்சம். எஃப்.டி.யில் போட்ட ஒரு லட்சமோ வரி போக 2.6 லட்சம்தான். தொகை கூடிக்கொண்டே போவதால் இந்த நஷ்டம் யார் கண்ணிலும் படுவதில்லை. என் குடும்பத்துப் பெரியவர்கள் பலரின் சேமிப்பு இப்படித்தான் கரைந்தது.

நான் செய்வதைச் சொல்கிறேன். பெரும்பகுதி நிஃப்டி 50 இண்டெக்ஸ் ஃபண்டில் (நாட்டின் 50 பெரிய நிறுவனப் பங்குகளை அப்படியே வாங்கி வைக்கும் ஃபண்ட்) எஸ்.ஐ.பி., அதாவது மாதாமாதம் ஒரு தொகை போடுவது. மீதி பி.பி.எஃப். என்ற அரசு சேமிப்புத் திட்டம். உங்கள் பத்தாயிரத்தை ஆறு, நான்கு என்று பிரிக்கலாம். சம்பளம் ஏறும்போது எஸ்.ஐ.பி.யையும் ஏற்றுங்கள். பி.பி.எஃப். 15 வருடக் கணக்கு. 2020 ஏப்ரலிலிருந்து 7.1% தருகிறார்கள், வட்டிக்கு வரி கிடையாது. நிம்மதிக்கு அது, வளர்ச்சிக்கு இண்டெக்ஸ் ஃபண்ட்.

நிஃப்டி 1995 நவம்பரில் 1,000 புள்ளி என்று வைத்துத் தொடங்கிய குறியீடு. 2024 செப்டம்பரில் 26,000-ஐத் தாண்டியது. நிறுவனங்கள் லாபத்தில் தரும் டிவிடெண்டைச் சேர்க்காமலே ஆண்டுக்குச் சுமார் 12% வருகிறது. அது ஓர் உச்சத்தில் எடுத்த கணக்கு என்பதால், நான் திட்டமிடும்போது பத்து, பதினொன்றுக்கு மேல் எதிர்பார்ப்பதில்லை.

உங்கள் பயம் நியாயமானதுதான். 2008 ஜனவரியில் 21,000-ஐத் தொட்ட சென்செக்ஸ் (மும்பை பங்குச் சந்தையின் குறியீடு), அடுத்த ஆண்டு மார்ச்சில் 8,200-க்கும் கீழே கிடந்தது. பழைய உச்சத்தை நிலையாகத் தாண்ட 2013 கடைசி வரை ஆனது. ஜப்பானின் பங்குச் சந்தைக் குறியீடான நிக்கேய் 1989 உச்சத்தை மறுபடி தாண்டியது 2024-ல்! அதனால்தான் முழுப் பணத்தையும் பங்கில் போடச் சொல்லவில்லை. 2020 மார்ச் சரிவில் எஸ்.ஐ.பி.யை நிறுத்திய நண்பர்கள் சிலர் எனக்கு உண்டு. அவர்கள் திரும்பி வருவதற்குள் சந்தை பழைய இடத்துக்கு ஏறிவிட்டது. சரிவில் அதே ஆறாயிரத்துக்கு அதிக யூனிட் கிடைக்கும், தயவுசெய்து அப்போது நிறுத்தாதீர்கள்.

ஃபண்டை ஏஜென்ட் இல்லாமல் நேரடியாக வாங்கும் டைரக்ட் பிளானில் வாங்குங்கள். ரெகுலர் பிளானில் ஏஜென்டுக்குப் போகும் கமிஷன் சின்னதாகத் தெரியும். ஆனால் மாதம் பத்தாயிரம், இருபது வருடம் என்று போட்டுப் பார்த்தால், 11 சதவீத வருமானத்துக்கும் கமிஷன் போக வரும் 10 சதவீதத்துக்கும் இடையே பத்து லட்சத்துக்கு மேல் வித்தியாசம் வரும். அப்புறம், சொந்தக்காரர் யாராவது முதலீடு என்று சொல்லி, காப்பீட்டையும் சேமிப்பையும் கலந்த எண்டோமென்ட் பாலிசியை நீட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். குடும்பம் உங்களை நம்பி இருந்தால் டெர்ம் இன்ஷூரன்ஸ் (உயிருக்கு மட்டும் காப்பீடு, சேமிப்பு கிடையாது) தனியாக எடுங்கள். தங்கம் பணவீக்கத்துக்கு நல்ல காப்புதான். ஆனால் நகையாக வாங்கினால் செய்கூலி, சேதாரம் என்று ஆரம்பத்திலேயே ஒரு பங்கு போய்விடும்.

எஃப்.டி.க்கும் இடம் உண்டு. ஆறு மாதச் செலவுக்கான பணமும், ஐந்து வருடத்துக்குள் தேவைப்படும் பணமும் அங்கேதான் இருக்க வேண்டும். இந்த இருபது வருடப் பணத்தையும் கடைசி மூன்று, நான்கு வருடங்களில் கொஞ்சம் கொஞ்சமாக ஃபண்டிலிருந்து எடுத்து எஃப்.டி.க்கு மாற்றிக்கொள்ளுங்கள். பணம் தேவைப்படும் வருடத்தில் சந்தை விழுந்து கிடந்தாலும் கை நஷ்டத்துக்கு விற்க வேண்டியிருக்காது.