ஊரில் இருபது பரோட்டா சாப்பிடுகிறவர் அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் நாளில் நடக்கும் ஹாட் டாக் போட்டியில் ஜெயிப்பாரா?

மாட்டார். ஒரு வரிப் பதில் போதும் என்றால் இங்கேயே நிறுத்திவிடலாம். ஆனால் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் எனக்கு வயிற்றில் ஏதோ புரண்டது. அதனால் கொஞ்சம் எழுதுகிறேன்.

"பெரிய மேட்ச் அன்று காலை ஹாட் டாக் தின்னும் போட்டி வைக்கிறார்கள், நான் ஊரில் ஒரே இருப்பில் இருபது பரோட்டா சாப்பிடுவேன், பேர் கொடுக்கலாமா" என்று மட்டும் கேட்டிருக்கிறீர்கள். மிச்சத்தை நானே ஊகித்துக்கொள்கிறேன். முதுகலை முதல் பருவம். அறையில் இன்னும் மூன்று பேர். "மச்சான், நீ போனா கப் நமக்குத்தான்" என்று உசுப்பேற்றுகிறவன் அதில் ஒருவன். அவன் பேர் கொடுக்க மாட்டான், வீடியோ எடுப்பான். சரிதானே?

நான் விருதுநகர்ப் பக்கம். எங்கள் ஊர் எண்ணெய்ப் பரோட்டா தெரியும் அல்லவா? கல்லில் வாட்டாமல் எண்ணெயில் பொரித்து, மொறுமொறுவென்று இலையில் நொறுக்கிப் போட்டு, மேலே சால்னா ஊற்றுவார்கள். கல்லூரியில் படிக்கும்போது ஒரு பந்தயத்தில் பத்தொன்பது சாப்பிட்டேன். இருபதாவது கேட்டபோது மாஸ்டர் மாவு தீர்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டார். அவர் பயந்துபோய்ச் சொன்னார் என்பது என் கட்சி. அந்தப் பெருமையோடுதான் 2020 ஆகஸ்டில் மிச்சிகன் மாநிலத்தின் ஆன் ஆர்பர் ஊருக்கு வந்து இறங்கினேன்.

அந்த ஆண்டு கொரோனா. சில மேட்ச் நடந்தன, கூட்டம் இல்லை. அடுத்த ஆண்டு, 2021 நவம்பர் 27, சனிக்கிழமை. மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்கும் ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கும் ஆட்டம். புதிதாக வந்தவர்களுக்காக ஒரு வார்த்தை: இது நாம் காலால் உதைக்கும் ஃபுட்பால் இல்லை. தேங்காய் மாதிரி பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுகிற ஆட்டம். இந்த இரண்டு அணிக்கும் நடுவில் இருக்கும் பகை பங்காளிச் சண்டை மாதிரி, சொத்தும் இல்லை, சமாதானமும் இல்லை. மிச்சிகன் கடைசியாக 2011-இல் ஜெயித்தது. அப்புறம் எட்டு ஆட்டம் வரிசையாகத் தோல்வி. 2020 ஆட்டம் தொற்றால் ரத்து. அதனால் ஊர் முழுக்க ஒரு மாதிரி கடுகடுவென்று இருந்தது.

மேட்ச் பகல் பன்னிரண்டு மணிக்கு. ஏழு மணிக்கே மைதானத்தைச் சுற்றிக் காரின் பின்கதவைத் திறந்து போட்டு, அடுப்பு மூட்டி, கறி வாட்ட ஆரம்பித்துவிடுவார்கள். டெயில்கேட் என்பார்கள். ஒரு சாப்பாட்டுக் கடைக்காரர் தன் கார் நிறுத்துமிடத்தில் ஒன்பது மணிக்கு ஹாட் டாக் போட்டி அறிவித்திருந்தார். எட்டு நிமிடம். ஹாட் டாக் என்பது நீள பன்னுக்குள் வைத்த சாசேஜ், பன்னோடு சேர்த்துச் சாப்பிட வேண்டும். முதல் பரிசு இருநூறு டாலர் கூப்பன், கலந்துகொள்கிற எல்லோருக்கும் ஒரு பனியன். நன்றியறிதல் விடுமுறை வாரம், போக வர உறவு என்று யாரும் இல்லை. பேர் கொடுத்தேன். பனிரண்டு பேர். குளிர் உறைநிலையை ஒட்டி இருந்தது.

(மாட்டுக்கறி ஹாட் டாக்தானே என்று சண்டைக்கு வருகிறவர்கள் இப்போதே வந்துவிடுங்கள். ஆமாம், மாட்டுக்கறிதான். நான் சாப்பிடுவேன். அம்மாவிடம் சிக்கன் என்று சொல்லியிருக்கிறேன். இதைப் படிக்கிற சொந்தக்காரர்கள் வாயை மூடிக்கொண்டிருந்தால் புண்ணியமாகப் போகும்.)

எனக்கு இடப்பக்கம் ஒரு மலை மாதிரி ஆள். வலப்பக்கம் ஒல்லியாக ஒரு பெண், கல்லூரிப் பையை முதுகிலிருந்து இறக்கி மேசைக்கு அடியில் வைத்தாள், அதிலிருந்து ஒரு பிளாஸ்க்கை எடுத்தாள். நான் மலையைப் பார்த்துத்தான் பயந்தேன். அதுதான் என் முதல் தப்பு.

விசில் ஊதியதும் அவள் ஹாட் டாக்கை இரண்டாக ஒடித்து வாயில் திணித்தாள். பன்னைப் பிளாஸ்க் மூடியில் இருந்த வெந்நீரில் முக்கினாள், பிழிந்தாள், விழுங்கினாள். மெல்லவே இல்லை. எனக்குப் பார்க்கவே குமட்டியது. டீயில் பன் நனைத்துச் சாப்பிட்டு வளர்ந்தவன்தான் நான், ஆனாலும் வெறும் வெந்நீரில் ரொட்டியை ஊறவைத்துத் தின்பதா என்று ஒரு கௌரவம். பரோட்டா சாப்பிடுகிற மாதிரி கடித்து, ருசி பார்த்து, மென்று சாப்பிட்டேன். முதல் இரண்டு நன்றாகவே இருந்தன, பொய் சொல்லக்கூடாது. மூன்றாவதில் பன் நாக்கில் ஒட்டியது. நான்காவதில் அது சிமெண்ட். சால்னா என்ற ஒன்று இந்த மனிதகுலத்துக்கு ஏன் தேவை என்று ஐந்தாவதில் தெரிந்தது.

இந்த நனைக்கிற வித்தை ஒன்றும் ரகசியம் இல்லை, எனக்குத்தான் தெரியவில்லை. ஜப்பானியரான தகேரு கோபயாஷி 2001 ஜூலை 4 அன்று நியூயார்க் கோனி ஐலண்டில் ஆண்டுதோறும் நடக்கும் ஹாட் டாக் போட்டிக்கு வந்து 12 நிமிடத்தில் 50 ஹாட் டாக் சாப்பிட்டார். அதற்கு முந்தைய சாதனை 25 சொச்சம். எண்ணிக்கை காட்டுகிற அட்டைகள் தீர்ந்துபோய்க் கையால் எழுதிக் காட்டினார்களாம். ஒடிப்பது, பன்னைத் தனியாக நனைப்பது எல்லாம் அவர் போட்ட பாதை. நான் தோற்ற அதே 2021-இல் ஜோயி செஸ்ட்நட் என்ற அமெரிக்கர் அந்தக் கோனி ஐலண்ட் போட்டியில் 10 நிமிடத்தில் 76 சாப்பிட்டார். உடம்பைப் பார்த்து எடை போடாதீர்கள் என்பதற்கு சோனியா தாமஸ் ஒருவர் போதும். சுமார் 45 கிலோ எடை உள்ளவர், 2012-இல் அங்கேயே பெண்கள் பிரிவில் 10 நிமிடத்தில் 45 சாப்பிட்டு ஜெயித்தார். கிலோவுக்கு ஒன்று!

என் கதைக்கு வருகிறேன். எட்டு நிமிடம் முடிந்து விசில் அடித்தபோது எட்டு உள்ளே போயிருந்தது, ஒன்பதாவது வாயில். இரண்டு கன்னமும் உப்பி நிற்கிறது. நேரம் முடியும்போது வாயில் இருப்பதை அப்புறம் விழுங்கினால் சேரும் என்பது பெரிய போட்டிகளில் உள்ள வழக்கம். நான் விழுங்கினேன். சத்தியமாக விழுங்கினேன். வாயைத் திறந்தும் காட்டினேன். அந்த நடுவர், கையில் அட்டையோடு நின்ற பையன், "எட்டு" என்று எழுதிவிட்டுப் போய்விட்டான். கேட்டால், விசிலுக்கு அப்புறம் எதுவும் சேராது, இது எங்கள் கடை விதி என்றான். எந்தச் சுவரில் எழுதிப் போட்டிருந்தது அந்த விதி? ஒலிபெருக்கியில் என் பெயரை வேறு மூன்று விதமாகச் சொன்னார்கள், மூன்றும் நான் இல்லை.

அந்தப் பெண் பதினேழு. மலை பதினொன்று. நான் எட்டு, அதாவது ஒன்பது.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். 2007-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழக மருத்துவர்கள் டிம் ஜேனஸ் என்ற தொழில்முறைப் போட்டியாளரையும், நன்றாகச் சாப்பிடுகிற ஒரு சாதாரண ஆளையும் எக்ஸ்ரே கருவிக்கு முன் உட்கார வைத்து ஹாட் டாக் கொடுத்துப் பார்த்தார்கள். சாதாரண ஆள் ஏழோடு போதும் என்றுவிட்டார். ஜேனஸ் பத்து நிமிடத்தில் 36. அவர் வயிறு இறுகவே இல்லை, பலூன் மாதிரி விரிந்துகொண்டே போனது. நிறைந்துவிட்டது என்று மூளைக்குச் சேதி சொல்வதையே அந்த வயிறு பயிற்சியால் விட்டுவிட்டது என்றுதான் நான் புரிந்துகொண்டேன். ஆக, சாதாரண மனிதனின் அளவு ஏழு. நான் ஒன்பது. இதை அறையில் சொன்னபோது ஒருவனும் மதிக்கவில்லை.

அறை என்றதும் ஞாபகம் வருகிறது. நாங்கள் நான்கு பேர், மளிகைச் செலவை நாலாகப் பிரிப்போம். இந்தப் போட்டி முடிந்த அடுத்த வாரம் கூட இருந்த ஒருவன், "ப்ரோ, தப்பா எடுத்துக்காதீங்க, அரிசி மூட்டைல உங்களுக்கு மட்டும் ரெண்டு பங்கு போட்டுக்கலாமா" என்றான். எட்டு ஹாட் டாக்கில் தோற்றவனுக்கு இரண்டு பங்கா? தோற்றதற்கு அபராதமா? இதே ஆள் மூன்று நாளைக்கு ஒரு கேலன் பாலைத் தனியாகக் குடிப்பான். காபி, ஓட்ஸ், இரவு மஞ்சள் பால். அதற்கு என்றைக்காவது நான் கணக்கு கேட்டேனா? நெய் யார் வாங்கியது, யார் தீர்த்தது என்று சொல்ல ஆரம்பித்தால் இந்தப் பதில் நீண்டுவிடும். கொஞ்சம் சாப்பிடுகிறவன் என்று பெயர் எடுத்தவன் எது தின்றாலும் யார் கண்ணிலும் படாது. நிறையச் சாப்பிடுகிறவன் ஒரு அப்பளம் கூட எடுத்தால் நாலு தலை திரும்பும். அந்த ஒரு வருஷம் நான் இரண்டு பங்கு கொடுத்தேன். கொடுத்தேன் என்றா சொன்னேன், பிடுங்கினார்கள்.

சரி, மேட்ச். சீசன் டிக்கெட் கையில் இருந்தது. மாணவர் பகுதியில் யாரும் உட்கார மாட்டார்கள், பெஞ்சின் மேல் ஏறி நிற்க வேண்டும். உள்ளே 1,11,156 பேர். பனி தூறுகிறது. வயிற்றில் எட்டு, அதாவது ஒன்பது. உப்பு ஏறி நாக்கு அட்டை மாதிரி ஆகிவிட்டது, தண்ணீர் குடித்தால் உள்ளே இருக்கிற பன் இன்னும் ஊதுகிறது. மிச்சிகன் ஆட்டக்காரர் ஹசன் ஹாஸ்கின்ஸ் பந்தோடு ஒவ்வொரு முறை கோல் கோட்டைத் தாண்டும்போதும் சுற்றி இருப்பவர்கள் குதித்தார்கள். அந்த மனிதர் ஐந்து முறை தாண்டினார்! ஐந்து முறையும் நான் கண்ணை மூடிக்கொண்டு கம்பியைப் பிடித்து நின்றேன். 42-27. பத்து வருஷத்துக்கு அப்புறம் ஜெயித்தார்கள், பயிற்சியாளர் ஜிம் ஹார்பாவுக்கு ஒஹாயோ ஸ்டேட்டை எதிர்த்து அதுதான் முதல் வெற்றி. கூட்டம் சுவர் தாண்டி மைதானத்துக்குள் கொட்டியது. என் நண்பர்கள் எல்லோரும் இறங்கி ஓடினார்கள், புல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தார்கள். அது செயற்கைப் புல், பிடுங்கியது என்ன என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. நான் முப்பதாவது வரிசையில் உட்கார்ந்து ஏப்பத்துக்காகக் காத்திருந்தேன். அங்கே இருந்தும் இல்லாமல் போனேன். அந்தப் பையன் ஒன்பது என்று எழுதியிருந்தாலாவது ஒரு ஆறுதல்.

எனக்கு ஏற்ற போட்டி வேறு ஒன்று இருந்தது என்று பிறகுதான் தெரிந்தது. கலிபோர்னியாவில் புத்தாண்டை ஒட்டி நடக்கும் ரோஸ் பவுல் என்ற கல்லூரி ஃபுட்பால் ஆட்டத்துக்கு முன், பெவர்லி ஹில்ஸில் உள்ள லாரீஸ் என்ற உணவகம் ஆடப்போகும் இரண்டு அணிக்கும் மாட்டு விலாக்கறி விருந்து போட்டு வந்தது. 1956-இல் ஆரம்பித்தது, பீஃப் பவுல் என்று பெயர். வெள்ளித் தள்ளுவண்டியில் முழு விலாவைக் கொண்டுவந்து மேசைக்குப் பக்கத்திலேயே அறுத்துக் கொடுப்பார்கள், கூடவே மசித்த உருளைக்கிழங்கு, சோளம், கீரை. எந்த அணி அதிகம் தின்றது என்று எடை போட்டுப் பார்த்தார்கள். பிற்பாடு போட்டி என்ற பேச்சைக் குறைத்துக்கொண்டு விருந்து என்று சொல்ல ஆரம்பித்தார்கள். கவனியுங்கள், அதில் விசில் இல்லை, தொட்டுக்கொள்ள இருக்கிறது, உட்கார்ந்து சாப்பிடலாம். பரோட்டாக் கடைப் பந்தயமும் இதே ஜாதிதான். பத்தொன்பது பரோட்டாவை நான் இரண்டு மணி நேரத்தில் சாப்பிட்டேன் என்பதை மேலே சொல்ல மறந்துவிட்டேன். எட்டு நிமிடத்தில் சாப்பிடச் சொல்லியிருந்தால் மூன்று தாண்டியிருக்க மாட்டேன்.

ஊரில் சோறு இல்லாதவர்கள் இருக்கும்போது இப்படித் தின்று தொலைப்பதா என்று ஒருவர் எழுதுவார், தெரியும். நியாயம்தான். ஆனால் அதை ஒரு கல்யாணப் பந்தியில் மிச்சம் வைத்த இலைகளைப் பார்த்துவிட்டு எழுதினால் நான் இன்னும் கவனமாகப் படிப்பேன்.

விளையாட்டாகச் சொல்ல முடியாத ஒன்றும் உண்டு. 2017-இல் கனெக்டிகட் மாநிலத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் பேன்கேக் போட்டியின்போது தொண்டை அடைத்து ஒரு மாணவி இறந்துபோனார். இருபது வயது. அதனால் அறையில் தனியாக உட்கார்ந்து பயிற்சி எடுக்க வேண்டாம். குடம் குடமாகத் தண்ணீர் குடித்து வயிற்றை விரிக்கிறேன் என்று இறங்கவும் வேண்டாம், ரத்தத்தில் உப்பு இறங்கினால் உயிருக்கே ஆபத்து. போட்டி இடத்தில் ஆம்புலன்ஸ் ஆட்கள் யாராவது நிற்கிறார்களா என்று பாருங்கள், இல்லையென்றால் பனியனை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். என்னுடையது எக்ஸ்ட்ரா லார்ஜ், அளவு கேட்காமலே எடுத்துக் கொடுத்தார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் போவீர்கள் என்று தெரியும், நானும் போனேன். அப்படியென்றால் மேட்ச் டிக்கெட் கையில் இல்லாத நாளாகப் பாருங்கள். விசிலுக்கு அப்புறம் வாயில் இருப்பது சேருமா என்று முன்கூட்டியே கேட்டு, முடிந்தால் எழுதி வாங்குங்கள். வெந்நீர் அங்கே தர மாட்டார்கள், பிளாஸ்க் கொண்டு போங்கள்.