புதுத் தார் ஜீப்புக்குப் பாதுகாப்பு: கடையில் வாங்குவதா, பட்டறையில் செய்வதா?

"புது மஹிந்திரா தார் எடுத்திருக்கிறேன், மலைத் தோட்டப் பாதைகளில்தான் ஓட்டம். பாடி அடிபடாமல் இருக்க முதலில் எதை மாட்டலாம்? கடையில் வாங்கவா, பட்டறையில் செய்யவா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதல் செலவைக் கதவுக்குக் கீழே ஓடும் விளிம்பில் செய்யுங்கள். என் பழைய தாரில் ஃபுட்ஸ்டெப் இருக்கிறதே என்று நம்பிவிட்டேன். போடிமெட்டுப் பக்கம் ஏலத்தோட்டப் பாதை ஒன்றில் பின்சக்கரம் வழுக்கி, வண்டி பக்கவாட்டில் பாறைமேல் உட்கார்ந்துவிட்டது. ஃபுட்ஸ்டெப் மேலே மடங்கிக் கதவின் அடியை நெளித்தது. டிரைவர் பக்கக் கதவைத் திறக்கவே முடியவில்லை. ஆள் மிதித்து ஏறும் எடையைத் தாங்கத்தான் ஃபுட்ஸ்டெப் செய்யப்பட்டிருக்கிறது. அதே இடத்தில் மாட்டும் கனமான இரும்புப் பைப்பான ராக் ஸ்லைடர் அப்படியில்லை, வண்டியையே தாங்கிப் பாறைமேல் வழுக்கிக்கொண்டு போக வேண்டும்.

தார், மாருதியின் ஜிம்னி, ஜிப்ஸி மூன்றிலும் பாடி, சேஸிஸ் என்ற தனி இரும்புச் சட்டகத்தின்மேல் உட்கார்ந்திருக்கிறது. அதனால் ஸ்லைடரின் தாங்கிகளை சேஸிஸில் பிடிக்க வேண்டும். பாடியில் பிடித்தால் அடி முழுவதும் பாடிக்குத்தான் போகும். இதை நல்ல வெல்டர் இருக்கும் பட்டறையில் தாராளமாகச் செய்யலாம். நானும் அப்படித்தான் செய்தேன். ஒன்றரை அங்குலப் பைப், கனம் 3 மி.மீ.க்குக் குறையக் கூடாது. பக்கத்துக்கு மூன்று தாங்கிகளாவது வேண்டும். சேஸிஸில் வெல்டு வைக்கவோ புது ஓட்டை போடவோ விடாதீர்கள். இருக்கிற ஓட்டைகளிலும், சேஸிஸை இருபுறமும் கவ்வும் பிளேட்டிலும் 8.8 கிரேடு போல்ட் போட்டால் போதும். பாடி ரப்பர் மவுண்ட்மேல் அசையும் என்பதால் ஸ்லைடருக்கும் பாடிக்கும் இரண்டு விரல் இடைவெளி விடச் சொல்லுங்கள். மிச்சம் கிடந்த ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய) பைப்பை வெல்டிங்குக்கு எடுத்தால் மறுத்துவிடுங்கள். அந்தத் துத்தநாகப் புகை வெல்டருக்குக் காய்ச்சலே வரவைக்கும்.

எஞ்சினுக்கு அடியில் மாட்டும் பாதுகாப்புத் தகட்டை (ஸ்கிட் பிளேட்) மட்டும் உங்கள் மாடலுக்கென்றே செய்ததாகக் கடையில் வாங்குங்கள். ஆயில் மாற்றும் ஓட்டை, சேறு வடியும் வழி, முன்விளிம்பு பாறையில் கொக்கிபோல் மாட்டாத மடிப்பு எல்லாம் சரியாக அமைய வேண்டும். ஒரு சதுர மீட்டர் 3 மி.மீ. இரும்புத் தகடு 23.5 கிலோ இருக்கும். 5 மி.மீ. அலுமினியம் என்றால் 13.5 கிலோதான். புல்வெளியில் ஓட்டினால் ஒவ்வொரு முறையும் குனிந்து பாருங்கள். தகட்டில் சிக்கிய காய்ந்த புல் சைலன்சர் சூட்டில் பற்றிக்கொள்ளும்.

பின்மூலைகளுக்கு அலுமினியச் செக்கர் பிளேட் (மேடுபள்ள வடிவம் பதித்த தகடு) வெட்டி மாட்டலாம். நேரே பெயிண்ட்மேல் வைத்தால் இடுக்கில் ஈரம் தங்கி, இரும்பு உள்ளுக்குள்ளேயே துருப்பிடிக்கும். நடுவில் ரப்பர் ஷீட் வையுங்கள், மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை கழற்றிக் கழுவுங்கள்.

உண்ணிச்செடி உரசும் கீறலுக்கு பிபிஎஃப் என்ற பெயிண்ட் பாதுகாப்புப் படலம் ஒட்டலாம். கழற்றி மாட்டும் காந்த ஷீட்டும் கிடைக்கிறது. ஆனால் அதனடியில் மணல் இருந்தால் ஷீட்டே பெயிண்டைத் தேய்த்துவிடும்.

முன் பம்பரில் மாட்டும் இரும்புக் கம்பித் தடுப்பான புல் பார் (bull bar) வேண்டாம். நடந்து போகிறவர்மீது பட்டால் காயம் பெரிதாகும், ஏர்பேக் விரிய வேண்டிய நேரமும் தவறலாம். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி இது விதிமீறல் என்று 2017 டிசம்பரில் மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியது. அந்தப் பணத்தில் சிக்கிய வண்டியை இழுக்க நல்ல இழுவைப் பட்டையும் அதை மாட்டும் இரண்டு ஷேக்கிள் கொக்கிகளும் வாங்கி வண்டியில் போட்டுவையுங்கள்.